ஒற்றைப் பங்குக்காரி

பூடாய், நவம்பர் 9

அன்புத் தம்பி குன்-ஹோவுக்கு,

அக்கா ஷியூ-லுவான் எழுதுவது. இங்கே உப்புக்காற்று தொடங்கிவிட்டது, சிப்பி கொழுத்துவிட்டது, என் கஞ்சிக்கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. தைபேயில் நீ, உன் மனைவி, பிள்ளை எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? காப்பியைக் குறை.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நினைக்காதே. புற்றுநோய்க்கு ரேடியேஷன் வைத்ததில் என் காதும் சேர்ந்து போனது உனக்குத் தெரியும். போனை எடுத்தால் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கிறது; நேரில் என்றால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். செல்போனில் செய்தி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பார்.

நல்ல செய்தி முதலில். நாலாவது ஊசிக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில், மூக்குக்குப் பின்னால் திரும்பவும் முளைத்திருந்த கட்டி காணோம். டாக்டர் யென் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட ஒன்பது பேரில் டாக்ஸி ஓட்டுகிற வெங்கும் ஒருவர். அவருக்குக் கழுத்துக் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. கடையில் எல்லாரும் கேட்கிறார்கள், "அக்கா, உங்க தம்பி கண்டுபிடிச்ச ஊசிக்குள்ள என்னதான் இருக்கு?" என்று. நான் சொல்கிறேன்: "நம்ம எல்லார் தொண்டையிலயும் சின்ன வயசுலயே ஒரு வைரஸ் குடி வந்துடுது. முக்கால்வாசிப் பேருக்கு மேல அது ஒண்ணும் பண்ணாது. என்னை மாதிரி சில பேருக்கு அதுவே புத்துநோயாப் போயிடுது. இந்த ஊசியில இருக்கறது ஆன்டிபாடி. வைரஸோட துண்டைக் கையில புடிச்சிக்கிட்டு நேரா உடம்போட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். அங்க ரௌடி போட்டோ ஒட்டற மாதிரி ஒட்டிடும். டி செல்னு அங்க இருக்கற போலீஸ்காரங்க பாத்துட்டு தேடித் தேடிப் போய் அடிப்பாங்க." சரிதானே?

இனி கெட்ட செய்தி. ஆய்வை ‘வியூகக் காரணங்களுக்காக’ முடித்துக்கொள்வதாக உன் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறது. டிசம்பரில் போட வேண்டிய ஊக்க ஊசி எங்கள் ஒன்பது பேருக்கும் இல்லையாம். வியூகம் என்றால் என்ன? யாரோடு யுத்தம்? இந்த முடிவை எடுத்தது யார் என்று விசாரித்து எழுது. நீ அங்கே விஞ்ஞானப் பிரிவுக்கே தலைவன். உனக்குத் தெரியாமல் இருக்காது.

அக்கா


தைபே, நவம்பர் 28

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். வயிறு பரவாயில்லை. உங்கள் ஸ்கேன் செய்தியைப் படித்துவிட்டு நானும் என் மனைவியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் விளக்கம் சரிதான். நான் கூட்டங்களில் காட்டுகிற படங்களைவிட அதுவே நன்றாகப் புரிகிறது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி என்பது ஒரு கை. கையில் எந்த மூட்டையைக் கட்டினாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இன்றைக்கு உங்கள் வைரஸின் துண்டு, நாளைக்கு நுரையீரல் புற்றுநோயின் துண்டு. கை அதேதான்.

ஆய்வை நிறுத்தியது கம்பெனியின் முடிவு. கடைசிச் சொட்டுவரை ஊசி போட்டால்தான் பலன் என்று இல்லை, நாலு ஊசியிலேயே உடம்பு கற்றுக்கொண்டிருக்கக்கூடும். வீணாகக் கவலைப்பட வேண்டாம். கடலோரக் காற்று கடுமையாக இருக்கும், கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். வாய் காய்ந்தால் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்.

அன்புடன்,
குன்-ஹோ


பூடாய், டிசம்பர் 6

தம்பிக்கு,

துணி சுற்றிக்கொண்டேன். தண்ணீர் குடித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ரேடியேஷன் வைத்தவர்களுக்கு எச்சில் ஊறாது என்பதை எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம்.

கம்பெனியின் முடிவு என்கிறாய். கம்பெனிக்கு மூக்கு இருக்கிறதா? முகம் இருக்கிறதா? காலையில் எழுந்து பல் விளக்குமா? யாரோ ஒரு மனுஷன்தானே நாற்காலியில் உட்கார்ந்து "வேணாம், நிறுத்திடலாம்" என்று சொல்லியிருப்பான். அவன் பெயரைத்தான் கேட்டேன். நீ நுரையீரலைப் பற்றிப் பாடம் நடத்துகிறாய். காது கேட்காதவள்தானே, காதில் பூ சுற்ற இடம் நிறைய இருக்கிறது என்று நினைத்தாயா?

டாக்டர் யென்னிடம் நேரில் போய் நின்றேன். கரும்பலகை மாதிரி ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டினார். ஆய்வு நின்றாலும் வழி இருக்கிறதாம். வேறு மருந்து இல்லாத நோயாளிக்குக் கருணை அடிப்படையில் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரி அரசாங்கத்தைக் கேட்கலாமாம். ஆனால் மருந்து தருகிறோம் என்று கம்பெனி ஒரு வரி எழுதித் தர வேண்டும். "அந்த ஒரு வரி வரல" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். பாவம், கோடு போடும்போது சுண்ணாம்புக் கட்டி உடைந்துவிட்டது.

எங்கள் பெயர் ஒட்டின சீசாக்கள் உங்கள் உறைபெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துக் கொடுக்க என்ன கஷ்டம்? வெங்குக்குக் கழுத்துக் கட்டி மறுபடி வளர்கிறதாம். மனுஷன் அதையும் வேடிக்கையாகச் சொல்கிறார்: "கஞ்சிக்கார அக்கா, பழைய வாடகைக்காரன் சாவிய திருப்பித் தராம போயிருக்கான் போல."

அந்த ஒரு வரியை எழுது. யார் முடிவெடுத்தது என்பதையும் எழுது.

அக்கா


தைபே, ஜனவரி 15

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், எனக்கு வெளிநாட்டுப் பயணம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், வெளியே பேச வேண்டாம். ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனம் நம் ‘கை’யை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது நுரையீரல். உங்கள் நோய் நம் தீவிலும் தென்சீனக் கரையிலும்தான் அதிகம். அவர்கள் விற்கிற நாடுகளில் அது அபூர்வம். பேச்சு முடிவதற்குள் யாருக்காவது ஊசியால் ஒரு சின்ன ஒவ்வாமை வந்தாலும் நாங்கள் அதை அறிவித்தாக வேண்டும். அது பேச்சைக் கெடுக்கும். அதனால் இப்போதைக்கு யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை. மீந்த சீசாக்களை விதிப்படி அழிக்க வேண்டும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அந்தக் கை உலகம் முழுக்கப் போனால் லட்சக்கணக்கான பேர் பிழைப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வரப்போகிற சீனப் புத்தாண்டுக்கு ஊருக்கு வர முடியாது. வேலை கழுத்தை நெரிக்கிறது. அம்மா படத்துக்கு என் பங்குக்கும் ஊதுவத்தி வைத்துவிடுங்கள்.

குன்-ஹோ


பூடாய், பிப்ரவரி 19

தம்பிக்கு,

புத்தாண்டு ஆனது. ஊதுவத்தி வைத்தேன், என் பங்குக்கு மட்டும். உன் பங்கை நீ வந்து வை.

லட்சம் பேர் பிழைப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். பிழைக்கட்டும், எனக்கென்ன வயிற்றெரிச்சலா? அந்தக் கை வேலை செய்கிறதா என்று யார் உடம்பில் பார்த்தீர்கள்? ரேடியேஷனில் இறுகி வாய் சரியாகத் திறக்காத என் தாடையிலும் வெங்கின் கழுத்திலும் பார்த்தீர்கள். ரத்தம் எடுத்தீர்கள், மறுபடி எடுத்தீர்கள், ஊசி போட்ட இடம் வீங்கினால் அளவுகோல் வைத்து அளந்தீர்கள். பூடாயிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரம் போய் ஒருநாள்கூடத் தவறாமல் கையை நீட்டினோம். இப்போது நல்ல விலை வருகிறது என்றதும் எங்கள் ஊர் மருந்து விற்காத ஊர் ஆகிவிட்டது. சமையல் ஆனதும் அடுப்பைத் தெருவில் தூக்கி எறிகிற குடும்பத்தை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?

வெங் நேற்று கடைக்கு வந்தார். பால்கெண்டை மீன் கஞ்சியை நன்றாகக் குழைத்து வடிகட்டிக் கொடுத்தேன். அப்படியும் இறங்கவில்லை. "கழுத்து திரும்பமாட்டேங்குது அக்கா. அதனால இனிமே முன்னாடி மட்டும்தான் வண்டி ஓட்டுவேன், ரிவர்ஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் மனைவி பாவ்-ஜூ சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள்.

மூன்றாவது தடவை கேட்கிறேன். யார் முடிவெடுத்தது?

அக்கா


தைபே, பிப்ரவரி 26

அக்காவுக்கு,

நலமா? உடனே எழுதுகிறேன்.

கம்பெனித் தலைவரிடம் பேசிவிட்டேன். உங்களுக்கு மட்டும் மருந்து கொடுக்க ஒப்புக்கொண்டார். என் சொந்த அக்கா என்பதால்தான். டாக்டர் யென்னுக்கு அந்த ஒரு வரி அடுத்த வாரம் வந்துவிடும். மூன்று ஊக்க ஊசிகள். வெளியே தெரியக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. வெங்கிடமோ மற்றவர்களிடமோ சொல்ல வேண்டாம். கேட்டால் சத்து ஊசி என்று சொல்லிவிடுங்கள்.

இதற்காக நான் எவ்வளவு கெஞ்சினேன் என்பதை எழுத விரும்பவில்லை. தயவுசெய்து மறுக்காதீர்கள். கூடப் பிறந்தவர் என்று எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

குன்-ஹோ


பூடாய், மார்ச் 2

குன்-ஹோ,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

எனக்கு உயிர் மேல் ஆசை இல்லை என்று நினைக்காதே. நிறைய இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதைச் சொல்ல வெட்கமில்லை. அடுத்த ஸ்கேன் நாள் நெருங்க நெருங்க நாட்காட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன். திரும்ப வந்தால் இனி ரேடியேஷன் வைக்க இந்த முகத்தில் இடமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கஞ்சி ஊற்றினேன்.

அப்புறம் பாவ்-ஜூ வந்தாள். வெங்கை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று காற்றில் எழுதிக் காட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துச் சத்து ஊசி என்று சொல்ல வேண்டுமாம். அவள் வீட்டுக்காரர்தான் ஊசிக்குப் போகும்போதெல்லாம் என்னையும் தன் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சட்டையைச் சுருட்டினவர்கள்.

இது என்ன வெட்கங்கெட்ட வேலைடா? மருந்து ஆபத்து, ஒவ்வாமை வரும், பேச்சு கெடும் என்று பக்கம் பக்கமாக எழுதினாய். உன் அக்கா என்றதும் ஆபத்து எங்கே போனது? அப்படியானால் கொடுக்க முடியும். கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான். இனி பூசி மெழுகாதே.

ஒன்பது பேருக்கும் கொடு, நானும் போட்டுக்கொள்கிறேன். எனக்கு மட்டும் என்றால் அந்த ஒரு வரியைக் கிழித்துப் போடு. வெங்குக்குத் தாமதம் ஆகிக்கொண்டிருக்கிறது. இந்த வாரமே செய்.

ஷியூ-லுவான்


பூடாய், ஏப்ரல் 8

குன்-ஹோவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. இருக்கிறாய் என்று உன் மனைவி செல்போனில் போடுகிற படங்களில் பார்த்துக்கொள்கிறேன். இளைத்துவிட்டாய்.

வெங் மார்ச் கடைசியில் போய்விட்டார். அவருக்கு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். டாக்டர் யென்னும் செய்ய மாட்டார். போட்டுப் பார்த்திருக்கலாம் என்பதை மட்டும் இருவரும் சத்தியம் செய்வோம். கல்லறை சுத்தம் செய்கிற நாளில் எல்லாரும் பழைய சமாதிகளில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தோம், பாவ்-ஜூ புதுச் சமாதியில் பிடுங்க ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். நம் அப்பா அம்மா சமாதியை நான் சுத்தம் செய்துவிட்டேன்.

இனி செய்யப்போவதை உனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் அடிக்கிற பழக்கம் எனக்கில்லை.

பக்கத்து வீட்டு ச்சின்-யேவை உனக்குத் தெரியும். கண்ட கம்பெனியிலெல்லாம் ஒரே ஒரு பங்கு வாங்கி வைத்துக்கொண்டு, வருஷாந்திரக் கூட்டத்துக்குக் கொடுக்கிற பரிசுப் பொருளை வாங்கி வருகிறவள். அவள் வீட்டில் துண்டு, கிண்ணம், குடை, அரிசிப் பை எல்லாம் ஏதாவது ஒரு கம்பெனி பெயரோடுதான் இருக்கும். போன வாரம் வந்து, "அக்கா, உங்க தம்பி கம்பெனி இந்த வருஷம் சோப்பு தராங்களாம், ஒரு பங்கு வாங்கிப் போட்டேன்" என்றாள். நான் கேட்டேன், "ஒரு பங்கு வெச்சிருந்தா கூட்டத்துக்குள்ள போலாமா?" "போலாமே. பேசக்கூட செய்யலாம். யாரு பேசறா? சோப்ப வாங்கிட்டு அடுத்த கம்பெனிக்கு ஓடணுமே" என்று எழுதிக் காட்டினாள்.

நாங்கள் எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கிவிட்டோம். பாவ்-ஜூவும் வாங்கியிருக்கிறாள். ஜூனில் வருகிறோம்.

அக்கா


தைபே, மே 21

அக்கா,

நலமாக இருக்கிறீர்களா? ஸ்கேன் என்ன ஆயிற்று என்று எழுதவே இல்லையே.

வர வேண்டாம். ரயில் பயணம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அந்த அரங்கத்தில் குளிர் அதிகம். அங்கே பேசுவது எதுவும் உங்களுக்குக் கேட்காது. எல்லாரும் சேர்ந்து உங்களைக் கேலிப்பொருள் ஆக்கிவிடுவார்கள், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேடையில் நானும் உட்கார்ந்திருப்பேன்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

குன்-ஹோ


பூடாய், ஜூன் 18

தம்பிக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். குளிர் அதிகம்தான், நீ சொன்னது சரி.

நான் பார்த்ததை எழுதுகிறேன். கேட்காததை நீ எழுது.

வாசலில் மேஜை போட்டு ஒரு பெண் சோப்பு கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கோலத்தைப் பார்த்தாள். ஒருத்தருக்குக் கழுத்து கோணல், ஒருத்தருக்கு வாய் திறக்காது, எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில். பாவ்-ஜூதான் எனக்கு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் காட்டினாள். அந்தப் பெண் சொன்னாளாம், "அம்மா, சோப்பு வாங்கியாச்சுல்ல, இப்படியே போயிடலாம். உள்ள வரணும்னு கட்டாயம் இல்ல." நான் சொன்னேன், "சோப்பு எங்க ஊர்லயும் விக்குது கண்ணு. எனக்கு மைக்தான் வேணும்."

உள்ளே ஒரே கோட்டு சூட்டு. கேள்வி கேட்கிற நேரம் வந்ததும் கையைத் தூக்கினேன். உங்கள் தலைவர் என் கையில் இருந்த சோப்புப் பெட்டியைப் பார்த்தார், பல்லைக் காட்டினார், மைக்கை அனுப்பச் சொன்னார். பாவ்-ஜூ எழுதினாள்: "பரிசுப் பொருளில் ஏதாவது குறையா பெரியம்மா என்று கேட்கிறார்." அரங்கமே சிரித்தது. சிரிப்பதைப் பார்க்கக் காது வேண்டாம். சோப்புக்காரி என்று நினைத்துத்தான் மைக் கொடுத்தார். நாங்கள் யார் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாரா?

நான் என் குரலைக் கேட்டு வருஷமாகிறது. கத்தினேனோ முணுமுணுத்தேனோ தெரியாது. சொன்னது இவ்வளவுதான்: "நான் உங்க ஊசிய போட்டுக்கிட்டவ. கட்டி போச்சு. இதோ, இவங்களுக்கும் போச்சு. இவ புருஷனுக்குப் பாதி போச்சு, மீதி ஊசிய நீங்க தரல, ஆளே போயிட்டாரு. மருந்து கெட்டதுன்னு நீங்க நிறுத்தல. நல்லதுன்னு தெரிஞ்சு, வாங்க ஆள் வந்ததும் நிறுத்தினீங்க. எனக்கு மட்டும் ரகசியமா தரேன்னாங்க. அப்போ பெட்டியில மருந்து இருக்கு. நவம்பர்லேருந்து ஒரே கேள்விதான் கேக்கறேன். யார் முடிவெடுத்தது? கம்பெனின்னு சொல்லாதீங்க. எழுந்து நிக்கிற மனுஷனா ஒருத்தர் பதில் சொல்லுங்க."

தலைவர் யாரையோ பார்த்துக் கையசைத்தார். மைக்கைப் பிடுங்க ஒருவன் வந்தான். அப்போது நீ எழுந்தாய்.

நீ பேசினாய். எனக்கு உன் உதடு அசைவது தெரிந்தது, ஆனால் நீ குனிந்திருந்தாய், படிக்க முடியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. தலைவர் உன் சட்டையைப் பிடித்து இழுத்தார், நீ உட்காரவில்லை. பாவ்-ஜூவைத் தட்டி, என்ன சொல்றான், எழுது என்றேன். அவள் பேனாவை மூடிவிட்டாள். ரயிலிலும் கேட்டேன், வீட்டுக்கு வந்தும் கேட்டேன். தலையை ஆட்டுகிறாள், எழுத மாட்டேன் என்கிறாள். மற்றவர்களும் உன் தம்பியையே கேள் என்கிறார்கள்.

என்னடா சொன்னாய்?

அக்கா


தைபே, ஜூன் 29

அக்காவுக்கு,

இந்தத் தடவை உடம்பைப் பற்றி விசாரித்துத் தொடங்கினால் நீங்கள் கடிதத்தைக் கிழித்துவிடுவீர்கள். நேராகச் சொல்கிறேன்.

நான் சொன்னது இதுதான்: "அந்த முடிவ எடுத்தது நான். கேள்வி கேக்கறவங்க என் அக்கா."

மீதியையும் அங்கேயே சொன்னேன். போன அக்டோபரில் வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது, வடக்கே இன்னொரு ஆஸ்பத்திரியில் இரண்டு நோயாளிகளுக்கு ஊசி பலிக்கவில்லை. ஆய்வு முடிந்து முழுக் கணக்கும் வெளியே வந்தால் விலை குறையலாம் என்று தலைவர் பயந்தார். நிறுத்தலாமா, மருத்துவ ரீதியாகத் தடை ஏதும் உண்டா என்று என்னைக் கேட்டார். நான் சொன்ன வாக்கியம், "ஊக்க ஊசி அவசியம் என்பதற்கு ஆதாரம் இல்லை." பொய் இல்லை அக்கா. ஆதாரம் இல்லைதான். அந்த ஆதாரத்தைத் தேடத்தான் அந்த ஆய்வே. தேடுவதை நிறுத்திவிட்டு ஆதாரம் இல்லை என்று சொன்னேன். எல்லாரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். என் வாக்கியம் இல்லாமல் அவர்களால் நிறுத்தியிருக்க முடியாது.

என் கை உலகத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருபது வருஷம் அதோடு வாழ்ந்தவன். லட்சம் பேர் என்று உங்களுக்கு எழுதியதை முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்பது பேரில் ஒருத்தி நீங்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படியாவது வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போதே நினைத்தேன். வெங்கைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினீர்கள், நான் அந்தப் பத்தியைத் தாண்டித் தாண்டிப் படித்தேன்.

சீசாக்கள் அழிக்கப்படவில்லை என்பதையும் மேடையில் சொன்னேன். அழிக்க என் கையெழுத்து வேண்டும். போடாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். இதைத் துணிச்சல் என்று எண்ண வேண்டாம், எந்தப் பக்கமும் கையெழுத்துப் போட முடியாத கோழைத்தனம்தான்.

பத்திரிகைக்காரர்கள் எழுதிவிட்டார்கள், பார்த்திருப்பீர்கள். இருப்பு தீரும்வரை எட்டுப் பேருக்கும் மருந்து தருவதாகக் கம்பெனி டாக்டர் யென்னுக்கு எழுதிவிட்டது. என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

ஊருக்கு வரலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதிக் கேட்கிறேன்.

குன்-ஹோ


பூடாய், ஜூலை 12

குன்-ஹோவுக்கு,

நேற்று ஆஸ்பத்திரியில் எட்டுப் பேரும் பெஞ்சில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டோம். ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது. டாக்டர் யென் அளவுகோல் வைத்து அளந்தார். ஸ்கேனைப் பற்றிக் கேட்டிருந்தாயே, மே மாதத்து ஸ்கேனில் ஓரத்தில் ஒரு நிழல் தெரிந்தது. கட்டியா, பழைய தழும்பா என்று செப்டம்பரில்தான் தெரியும். நீ அப்போது மேடையில் உட்கார வேண்டியவன் என்பதால் எழுதவில்லை. பயமாக இருக்கிறது. ஊசிக்கு முந்தின நாள் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுந்து நின்றாய், சொன்னாய். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். நம் வீட்டில் பிறந்தவன் அதையாவது செய்தானே என்று ஒரு பக்கம் மனசு ஆறுகிறது. இன்னொரு பக்கம் கொதிப்பு அடங்கவே இல்லை. நீ ஜூனில் எழுந்து நின்றாய் தம்பி. வெங் பிப்ரவரியில் இருந்தார். என் கடையில் உட்கார்ந்து கஞ்சி இறங்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அதே வாக்கியத்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் உனக்கு இதே வேலைதான் போயிருக்கும்.

என் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ என் தம்பி, உன்னோடு சண்டை போட எனக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மன்னிப்பு என்னிடம் கேட்கிற பொருள் இல்லை. பாவ்-ஜூவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். படித்தாள், மடித்தாள், திருப்பித் தந்தாள். "இதெல்லாம் அன்னிக்கே கேட்டுட்டேன் அக்கா. என் வாயால உங்களுக்குச் சொல்ல வேணாம்னுதான் விட்டேன்" என்று எழுதினாள்.

ஊருக்கு வா. பஸ் நிலையத்தில் இறங்கி வலது பக்கம் திரும்பினால் என் வீடு, இடது பக்கம் உப்பளத்தை ஒட்டிப் போனால் வெங்கின் வீடு. அவருடைய டாக்ஸி இன்னும் வாசலில்தான் நிற்கிறது, அடையாளம் கேட்க வேண்டியதில்லை. முதலில் அங்கே போ. அவள் திட்டினால் வாங்கிக்கொள், கதவைச் சாத்தினால் வெளியே நில். அதற்கப்புறம் இங்கே வா. வரிசையை மாற்றி வந்தாயானால் நீ எவ்வளவு தட்டினாலும் எனக்குக் கேட்காது.

அக்கா